கார்டில் அச்சடித்த நிமிடமும் அம்மாவோடு கதைத்த நிமிடமும்

மட்டக்களப்பின் கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். தம்பி சார்ஜாவில் கட்டட வேலை, அக்கா டொரண்டோவில். ஊரில் அம்மாவிடம் இருப்பது ஒரு பட்டன் போன். அம்மாவோடு கதைக்க இரண்டு பேரும் கோலிங் கார்ட்தான் வாங்குகிறார்கள். அக்காவின் கார்டில் போட்டிருக்கிற நிமிடத்தில் பாதிகூட வருவதில்லை. தம்பி ரூமில் யாரோ விற்கிற மலிவுக் கார்ட் வாங்குகிறார், அவர் எடுக்கும்போது அம்மாவின் போனில் ஏதோ ஒரு உள்ளூர் நம்பர் விழுகிறது. "எந்தக் கார்ட் நல்லது, எப்படிப் பார்த்து வாங்குவது?" என்பது கேள்வி.

தங்கச்சி, நான் பல வருடம் சார்ஜாவில் இந்தக் கார்டுகளை விற்ற ஒரு பக்காலாவில், அதாவது சின்னப் பலசரக்குக் கடையில், நின்றவன், இப்போது கல்முனையில் போன் கடை வைத்திருக்கிறேன். ஒரு கார்டின் பெயரைச் சொல்லிவிட்டுப் போனால் உங்களுக்கு அது உதவாது. போன மாதம் நன்றாக வேலை செய்த கார்டின் கட்டணத்தை இந்த மாதம் யாருக்கும் சொல்லாமல் மாற்றிவிடுவார்கள். ஒரே நிறுவனமே நாலைந்து பெயரில், நாலைந்து நிறத்தில் கார்ட் அடித்து விடும். அதனால் பெயரை விடுங்கள், கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். கார்டுக்குக் கொடுத்த காசை, அம்மாவோடு உண்மையில் கதைத்த நிமிடத்தால் வகுக்க வேண்டும். அந்த ஒரு எண்தான் கார்டின் விலை. போஸ்டரில் பெரிதாக எழுதியிருக்கிற வேறு எந்த எண்ணும் விலை இல்லை.

முதலில் அக்காவின் கார்டை எடுப்போம். கார்டைச் சுரண்டினால் ஒரு இரகசிய எண் வரும். கார்டில் போட்டிருக்கிற இணைப்பு நம்பருக்கு முதலில் கோல் எடுத்து, அந்த எண்ணை அழுத்தி, பிறகு இலங்கை நம்பரை அழுத்த வேண்டும். உடனே ஒரு குரல் "உங்களுக்கு இத்தனை நிமிடம் இருக்கிறது" என்று சொல்லும். பலர் அதை நம்பிவிடுகிறார்கள். அந்தக் குரல் பெரும்பாலும் மீதிக் காசை நிமிட விலையால் வகுத்துச் சொல்கிறதே தவிர, இடையில் வெட்டப்போகிற மற்றக் கட்டணங்களைச் சேர்ப்பதில்லை.

அந்த மற்றக் கட்டணங்கள் பின்பக்கத்தில் மிகச் சின்ன எழுத்தில் இருக்கும். கோல் இணைந்தவுடன் ஒரு தொகை வெட்டுவார்கள், அது இணைப்புக் கட்டணம். ஒரு நிமிடம் கதைத்தாலும் மூன்று நிமிடத்துக்குக் கணக்கெடுக்கும் முறை இருக்கிறது. முதல் கோல் எடுத்த நாளிலிருந்து கிழமைக்கு ஒருமுறை பராமரிப்புக் கட்டணம் என்று வெட்டுகிற கார்டுகள் இருக்கின்றன, நீங்கள் கதைக்காவிட்டாலும் அது போகும். கட்டணமில்லா இணைப்பு நம்பரைப் பாவித்தால் நிமிடத்துக்கு மேலதிகமாக ஒன்று. கட்டணத் தொலைபேசியிலிருந்து எடுத்தால் இன்னொன்று.

இது எப்படித் தின்னும் என்று நானே போட்ட ஒரு கணக்கால் காட்டுகிறேன். 5 டொலர் கார்ட், நிமிடம் 5 சதம். போஸ்டரில் 100 நிமிடம் என்று போட்டிருக்கும். பின்பக்கத்தில் இணைப்புக் கட்டணம் 49 சதம், மூன்று நிமிடக் கணக்கு, கிழமைக்கு 79 சதம் பராமரிப்பு. உங்கள் அக்கா, எல்லாரையும் போல, அம்மாவுக்குச் சுருக்கமாக நாலு நிமிடம் எடுக்கிறார் என்று வையுங்கள். நாலு நிமிடம் ஆறாகக் கணக்கெடுக்கப்படும், அது 30 சதம். இணைப்போடு சேர்த்து ஒரு கோலுக்கு 79 சதம். ஒரு கிழமைப் பராமரிப்பும் போனால் மீதி 4 டொலர் 21 சதத்தில் ஐந்து கோல்தான் எடுக்கலாம். ஆக 20 நிமிடம். நிமிடம் 5 சதம் என்று வாங்கியது 25 சதமாகிவிட்டது.

இதே கார்டில் அக்கா ஒரே இருப்பில் கதைத்து முடித்தால் 90 நிமிடம் கிடைக்கும். அதனால்தான் ஒரே கார்டை ஒருவர் அருமை என்பார், இன்னொருவர் கள்ளக் கார்ட் என்பார். இரண்டு பேருமே உண்மைதான் சொல்கிறார்கள், அவர்கள் கதைக்கும் விதம் வேறு.

இப்போது பக்கத்தில் தொங்குகிற இன்னொரு கார்டைப் பாருங்கள். 5 டொலர், நிமிடம் 8 சதம், இணைப்புக் கட்டணம் இல்லை, ஒரு நிமிடக் கணக்கு. போஸ்டரில் 62 நிமிடம்தான் போட்டிருப்பார்கள். யாரும் வாங்கமாட்டார்கள். ஆனால் நாலு நிமிடக் கோல் ஒன்றுக்கு 32 சதம், 15 கோல், 60 நிமிடம். போஸ்டரில் குறைவாகத் தெரிந்த கார்ட், அம்மாவுக்கு மூன்று மடங்கு நேரம் கொடுக்கிறது. அடிக்கடி சின்னக் கோல் எடுக்கிறவர் இணைப்புக் கட்டணம் இல்லாத கார்டைத்தான் தேட வேண்டும், நிமிட விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் மட்டும் நீண்ட நேரம் கதைக்கிறவர், கார்டை ஒரே கோலில் தீர்த்துவிடுகிறவராக இருந்தால் மட்டும், முதல் வகையை வாங்கலாம்.

அக்கா ஏமாந்துவிட்டதாக வெட்கப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். அமெரிக்காவில் 2008இல் மத்திய வர்த்தக ஆணையமே இப்படியான கார்ட் நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டது. விளம்பரப்படுத்திய நிமிடத்தை விட மிகக் குறைவாகவே கார்டுகள் கொடுக்கின்றன, கட்டணங்களை மறைக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. அடுத்த வருடம் ஒரு நிறுவனக் குழு மட்டும் 22.5 இலட்சம் டொலர் கட்டி இணக்கத்துக்கு வந்தது. இந்தக் கார்டுகளை வாங்கியவர்களில் பெரும்பகுதி நம்மைப் போல நாடு விட்டுப் போன ஆட்கள். ஆங்கிலத்தில் சின்ன எழுத்து வாசிக்கக் கஷ்டப்படுகிறவர்களிடமிருந்து போகிற காசு அது. நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு பொறுக்காது.

சரி, அக்கா என்ன செய்ய வேண்டும்? புதுக் கார்ட் என்றால் ஆகக் குறைந்த விலையில் ஒன்று மட்டும் வாங்கட்டும். பத்துக் கார்ட் எடுத்தால் ஒன்று இலவசம் என்றாலும் முதல் முறை வேண்டாம். கடையிலேயே கார்டில் இருக்கிற வாடிக்கையாளர் சேவை நம்பருக்கு ஒரு கோல் போட்டுப் பார்க்கட்டும். யாரும் எடுக்காத நம்பர் என்றால் பிரச்சினை வரும்போதும் யாரும் எடுக்கப்போவதில்லை. சுரண்டும் பட்டை ஏற்கெனவே கீறப்படாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காலாவதித் திகதி இரண்டு விதம்: கார்டின் மேல் அச்சடித்த திகதி ஒன்று, முதல் கோலுக்குப் பிறகு இத்தனை நாள் என்பது மற்றது. இரண்டாவதுதான் ஆளைக் கவிழ்க்கும். இலங்கைக்கு என்று தனி விலை போட்டிருக்கிறதா, அதிலும் கைபேசிக்கும் வீட்டுப் போனுக்கும் வேறு வேறா என்றும் பார்க்கட்டும். அம்மாவின் போன் 07இல் தொடங்கும் கைபேசி என்பதால் கைபேசி விலைதான் பொருந்தும், கொட்டை எழுத்தில் போட்டிருப்பது எதுவாக இருந்தாலும். அப்புறம், கோல் எடுக்கும் ஒவ்வொரு முறையும் தொடங்கின நேரம், முடிந்த நேரம், மீதிக் காசு என்று மூன்றையும் கார்டிலேயே பேனாவால் எழுதட்டும். ஒரு கார்ட் முடிவதற்குள் அதன் குணம் முழுதும் தெரிந்துவிடும். கார்டின் தொடரிலக்கத்தைப் படம் எடுத்து வைத்தால், காசு வெட்டி கோல் போகாத நேரத்தில் திருப்பிக் கேட்க ஒரு பிடி இருக்கும்.

கனடாவில் ஒரு விடயம் பலர் கவனிப்பதில்லை. கைபேசியிலிருந்து கார்டின் இணைப்பு நம்பருக்கு எடுக்கும்போது, அந்த உள்ளூர் கோலுக்கும் அவரது கைபேசித் திட்டத்தில் நிமிடம் கழியும். வரம்பில்லா உள்ளூர் கோல் இருக்கிற திட்டம் என்றால் கவலையில்லை. இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் காசு போகும். லண்டனில் சொந்தக்காரர் இருந்தால் அவர்களுக்கு இதையும் சொல்லுங்கள்: 2015 ஜூலையிலிருந்து அங்கே 0800 நம்பர்களுக்குக் கைபேசியிலிருந்து எடுப்பதும் இலவசம்தான், ஆனால் அந்தச் செலவைக் கார்ட் நிறுவனம் மேலதிகக் கட்டணமாக உங்கள் கார்டிலிருந்து வெட்டிக்கொள்ளலாம். 0844, 0870 போன்ற நம்பர்களை இணைப்பு நம்பராகக் கொடுக்கும் கார்டை அங்கே வாங்கவே வேண்டாம், அந்த நம்பருக்கே தனிக் கட்டணம் இருக்கிறது. ஐரோப்பாவில் இப்போது கார்டின் இடத்தைப் பெரும்பாலும் வெளிநாட்டுக் கோல் மலிவான சிம்கள் பிடித்துவிட்டன. 2001இல் தொடங்கிய லெபாராவும் 2006இல் தொடங்கிய லைக்காமொபைலும் இலங்கைத் தமிழர்கள் ஆரம்பித்தவை, ஊருக்குக் கோல் எடுக்கக் கஷ்டப்பட்ட ஆட்களின் தேவை அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்னொன்றையும் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ரூமில் இருக்கிற இந்தியப் பையன் அதே கார்டில் மணிக்கணக்காகக் கதைக்கிறான், நமக்கு மட்டும் ஏன் சீக்கிரம் முடிகிறது? வெளிநாட்டிலிருந்து வரும் கோலை ஒரு நாட்டுக்குள் கொண்டுவந்து சேர்க்க அந்த நாட்டு நிறுவனம் நிமிடத்துக்கு ஒரு தொகை கேட்கும். இந்தியாவில் அது மிகக் குறைவு. இலங்கையில் அது அதிகம், அதோடு சர்வதேசத் தொலைத்தொடர்பு இயக்குநர்களிடம் அறவிடும் வரியும் 2004ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தால் வந்தது. கார்ட் கடைச் சுவரில் பெரிதாக எழுதியிருப்பது அனேகமாக இந்தியா நிமிடம். இலங்கை விலை எழுதிய இடத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

தம்பியின் கதை இதோடு சேர்ந்ததுதான், ஆனால் இன்னும் பாரதூரமானது. அவர் சார்ஜாவிலிருந்து எடுக்க அம்மாவின் போனில் ஒரு 07 நம்பர் விழுகிறது என்றால், அந்தக் கோல் நேர்வழியில் வரவில்லை. இணையம் வழியாக இலங்கைக்குக் கொண்டுவந்து, இங்கே ஒரு வீட்டிலோ கடை மாடியிலோ பல சிம் போட்டு வைத்திருக்கிற ஒரு கருவியால் உள்ளூர் கோலாக மாற்றி விடுகிறார்கள். சிம் பெட்டி என்பார்கள். நாட்டுக்குச் சேர வேண்டிய காசு சேராமல் போவதால்தான் அந்தக் கார்ட் அவ்வளவு மலிவு. இது சட்டவிரோதம், இப்படியான கருவிகளைப் பிடித்து வழக்குப் போட்டிருக்கிறார்கள். சிம் பிடிபட்டு முடக்கப்பட்டால் தம்பியின் கோல் நடுவில் அறுந்துபோகும். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். மணி அடிக்கத் தொடங்கியவுடனேயே, அம்மா எடுக்க முன்னரே, காசு ஓடத் தொடங்குகிற மோசடியும் இந்த வழிகளில் நடக்கிறது. அம்மா தவறவிட்டுவிட்டுத் திருப்பி எடுத்தால் தம்பிக்குப் போகாது, யாரோ ஒருவரின் பெட்டிக்குப் போகும்.

இதையெல்லாம் விட எனக்குப் பயம் வேறு. ஒவ்வொரு முறையும் தெரியாத நம்பரில் மகனின் குரல் வந்தால், தெரியாத நம்பர் என்றால் மகன்தான் என்று அம்மா பழகிவிடுவார். நாளைக்கு ஒருவன் அழுதுகொண்டு "அம்மா, நான் ஆஸ்பத்திரியில், இது கூட்டாளியின் போன், உடனே காசு போடுங்கோ" என்றால் அம்மா நகையை அடகு வைத்துவிடுவார். தம்பி நேர்வழியில் எடுத்தால் 971 என்று தொடங்கும் அவரது சொந்த நம்பர் விழும். அந்த நம்பரை அம்மாவின் போனில் மகன் பெயரில் பதிந்து வையுங்கள். வேறு நம்பரில் காசு கேட்டு யார் வந்தாலும், நீங்கள் தம்பியின் நம்பருக்கு எடுத்து உறுதி செய்யும்வரை ஒரு சதமும் போடக் கூடாது என்று அம்மாவுக்குச் சொல்லி வையுங்கள்.

தம்பி இருக்கிற எமிரேட்சில் வட்ஸ்அப் குரல் கோல் தடுக்கப்பட்டிருக்கிறது. அனுமதி பெற்ற பொட்டிம் போன்ற ஆப்கள்தான் அங்கே சட்டப்படி. விபிஎன், அதாவது இணையத் தடையைத் தாண்ட உதவும் ஆப், போட்டுக் கதைக்கலாம் என்று ரூமில் யாராவது சொல்வார்கள். அந்த நாட்டுச் சட்டத்தில், குற்றமொன்றைச் செய்யவோ மறைக்கவோ விபிஎன் பாவித்தால் 5 இலட்சம் முதல் 20 இலட்சம் திர்ஹம் வரை தண்டம் இருக்கிறது. கடன் வாங்கி ஏஜென்சிக்குக் கட்டி அங்கே போன பிள்ளை, கோலில் மிச்சம் பிடிக்க அந்த ஆபத்தில் கால் வைக்கக் கூடாது. யார் அடித்தது என்று தெரியாத, தொழிலாளர் கேம்பில் கைமாறுகிற, இணையம் வழி கோல் எடுக்கும் டயலர் ஆப் கார்டும் வேண்டாம்.

அவருக்கு நான் சொல்வது இதுதான். எடிசலாட் (இப்போது e& என்ற பெயர்), டூ என்று அங்கே இருக்கிற இரண்டு நிறுவனத்தில் அவரது சிம் எதுவோ, அதிலேயே இலங்கைக்கான வெளிநாட்டு நிமிடப் பொதி (பக்கேஜ்) என்ன இருக்கிறது என்று அந்த நிறுவனத்தின் ஆப்பிலோ கடையிலோ பார்க்கட்டும். அந்த நிறுவனங்கள் தாங்களே விற்கும் கார்ட் என்றால் அதையும் ஒப்பிடலாம். மேலே சொன்ன அதே கணக்குத்தான்: கொடுத்த திர்ஹமை, கதைக்கப்போகிற நிமிடத்தால் வகுப்பது. ஒரு மாதப் பொதியில் பாதி நிமிடம் மிஞ்சி வீணாகும் என்றால் அது மலிவில்லை, சின்னப் பொதி எடுக்கட்டும். தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்தி வைப்பது நல்லது, வேலை இல்லாத மாதத்திலும் அது காசை எடுத்துவிடும். அக்காவும் கடன் அட்டை இணைத்து ஆப்பில் நிரப்புகிறவர் என்றால் இதைக் கட்டாயம் பார்க்கட்டும்.

உங்களிடம் ஸ்மார்ட் போன் இருக்கிறது என்றால் கிழமைக்கு ஒருநாள் அம்மாவோடு இருக்கும்போது ஆப்பில் முகம் பார்த்துக் கதைக்க விடுங்கள். நீண்ட கதையெல்லாம் அதில் முடியட்டும். இடையில் "சாப்பிட்டீங்களா, மருந்து குடிச்சீங்களா" என்ற சின்னக் கோலுக்குப் பட்டன் போன். கார்டோ பொதியோ அதற்கு மட்டும் என்றால் செலவு நன்றாகக் குறையும்.

நம்பர் அழுத்துவதில் வீணாகும் காசும் கொஞ்சம் இல்லை. இலங்கையின் எண் 94. அதற்குப் பிறகு வரும் நம்பரில் முதல் பூச்சியத்தை விட வேண்டும். அம்மாவின் 077 என்பது 94 77 ஆகும். வீட்டுப் போன் என்றால் மட்டக்களப்பு 065 என்பது 94 65, கல்முனை 067 என்பது 94 67, அம்பாறை 063 என்பது 94 63. கனடாவிலிருந்து நேராக எடுத்தால் முன்னால் 011, எமிரேட்சிலிருந்தும் லண்டனிலிருந்தும் 00. கார்டில் எடுக்கும்போது கார்டில் எழுதியபடி. பிழையான நம்பர் ஒன்றில் யாராவது எடுத்துவிட்டால் இணைப்புக் கட்டணம் போனது போனதுதான்.

நேரத்தையும் ஒழுங்குபடுத்துங்கள். சார்ஜாவில் இரவு எட்டு மணி என்றால் இங்கே ஒன்பதரை. டொரண்டோவில் காலை ஏழு என்றால் அங்கே குளிர்காலத்தில் இங்கே மாலை ஐந்தரை, கோடையில் நாலரை. படுவான்கரையில், அதாவது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரைப் பக்கம், சில வீடுகளில் முற்றத்தில் ஒரு மூலையில்தான் சிக்னல் நிற்கும். அம்மா எந்த நேரம் அங்கே வந்து உட்கார்ந்திருப்பார் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்தால், எடுத்து எடுத்து அறுந்து ஒவ்வொரு முறையும் இணைப்புக் கட்டணம் கட்டுகிற நிலை வராது. சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி போன்ற நாட்களில் எல்லாரும் ஒரே நேரம் எடுப்பார்கள், மலிவுக் கார்ட் முதலில் திணறும். அன்று காலையிலேயே எடுக்கட்டும்.

ஒரு காலத்தில் வெளிநாட்டுக் கோல் என்றால் காசு கட்டிக் கதைக்கிற கொமியூனிகேஷன் கடையில் போய்க் காத்திருப்பதுதான். மண்முனைத் துறையில் பாலம் திறந்தது 2014இல். அதற்கு முன்பு கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து மட்டக்களப்பு ரவுனுக்கு வர வாவியைப் படகில் கடக்க வேண்டும், இல்லாவிட்டால் சுற்றி வர வேண்டும், வந்தாலும் கோல் வராத நாளும் உண்டு. வெளிநாட்டு இணைப்பில் ஸ்ரீலங்கா டெலிகொமுக்கு இருந்த தனியுரிமை 2002 ஆகஸ்டில் முடிந்த பிறகுதான் இலங்கைக்கான கோல் விலை இறங்கத் தொடங்கியது. அந்தக் காலத்து ஆட்களுக்கு, கோல் வந்தாலே போதும், விலை கேட்கக் கூடாது என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. நீங்கள் கேளுங்கள்.

கடைசியாக அம்மாவின் பக்கம். வருகிற கோலுக்கு அம்மாவுக்குக் காசு போகாது, ஆனால் நீண்ட நாள் ரீலோட் போடாமல் விட்டால் சிம் துண்டிக்கப்படலாம். கோல் எடுக்காவிட்டாலும் இடைக்கிடை சின்ன ரீலோட் ஒன்று போட்டு வையுங்கள், பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்தே போடவும் வழி இருக்கிறது. பிள்ளைகளின் நம்பர் என்று பதிந்து வைக்காத எந்த வெளிநாட்டு நம்பரிலிருந்தும் ஒரு தடவை மணி அடித்து நின்றால் திருப்பி எடுக்கக் கூடாது, திருப்பி எடுக்க வைத்துக் காசு உறிஞ்சுகிற வேலை அது. "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு, ரீலோட் கார்ட் வாங்கிச் சுரண்டி நம்பரை வாசியுங்கோ" என்று வந்தால் கட் பண்ணிவிடச் சொல்லுங்கள். சுரண்டிய நம்பர் காசுக்குச் சமம், அதை வாசித்துக் கொடுத்தால் திரும்ப வாங்க முடியாது. அக்காவும் தம்பியும் கார்டில் சுரண்டிய நம்பரைப் படம் எடுத்து யாருக்கும் அனுப்பாமல் இருந்தால் சரி.

இந்த மாதம் அக்கா ஒரு சின்னக் கார்டில் அந்த மூன்று விபரத்தையும் எழுதிப் படமெடுத்து உங்களுக்கு அனுப்பட்டும். கார்டின் பின்பக்கத்தையும் சேர்த்து எனக்குக் காட்டினால், எந்தக் கட்டணம் தின்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன். சுரண்டிய எண்ணை மட்டும் மறைத்துவிட்டு அனுப்புங்கள்.